பள்ளிமுனைப் பெருக்கமரமும் எங்கள் வீட்டுச் சட்டியும்

 

சட்டியில் மரம் வளர்க்கும் பொன்சாய்க் கலையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சீனாவில் தோன்றி ஜப்பானில் மெருகேறிய கலை அது. இன்று நமது ஊர்களில் உள்ள பூங்கன்றுக் கடைகளிலும் தட்டையான சாடிகளில் ஆலும் அத்தியும் குட்டையாக நிற்கின்றன. பாலைவன ரோஜா என்று சொல்லி அடினியத்தையும் விற்கிறார்கள். விலையைக் கேட்டால் ஒரு மாதத்து மீன்செலவு போய்விடும். ஆனால் நான் சொல்ல வந்த மரத்தை எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை. அதைத் தேடி ஒரு பயணம் போகத்தான் வேண்டும். அந்தப் பயணத்தில் சட்டிக்கு ஒரு விதை கிடைப்பதோடு வேறு பலவும் கிடைக்கும்.

அது பெருக்கமரம். மன்னார்த் தீவிலும் நெடுந்தீவிலும் வேறு சில இடங்களிலும் எஞ்சி நிற்பவற்றை எண்ணிவிடலாம். தமிழகத்தில் சிலர் அதனை ஆனைப்புளி என்பர். அதன் பட்டையைத் தொட்டுப் பார்த்தவருக்கு அந்தப் பெயர் ஏன் வந்ததென்று விளக்கத் தேவையில்லை.

2017ஆம் ஆண்டு பாடசாலை விடுமுறை ஒன்றில், புத்தளத்திலிருந்து எனது இளைய மகளையும் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் புறப்பட்டேன். அநுராதபுரம் போய், மதவாச்சியில் திரும்பி, செட்டிகுளம், மடுச்சந்தி, முருங்கன் என்று போகும் பாதை. முருங்கனை நெருங்கும்போது கட்டுக்கரைக் குளத்தின் வயல்வெளி கண்ணுக்கு விருந்தாக விரியும். அதன் பிறகு பச்சை குறைந்து வெண்மணலும் பனையும் உப்புக் காற்றும் தொடங்கிவிடும். பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் நீண்ட பாலத்துப் பாதையில் பஸ் ஏறியதும் பேச்சை நிறுத்திக்கொண்டேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நான் பிறந்தது அந்தத் தீவிலுள்ள எருக்கலம்பிட்டியில். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. நாங்கள் தோணியில் வந்து கற்பிட்டியில் இறங்கினோம். அதைப் பற்றி எழுதியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் மரத்துக்கே போகிறேன்.

மன்னார் நகரப் பள்ளிவாசலில் லுஹரைத் தொழுதுவிட்டு, தெருக்களில் சுதந்திரமாக உலாவும் கழுதைகளைப் பார்த்துச் சிரித்தவாறு பள்ளிமுனைக்கு நடந்தோம். மீனவர்களின் கிராமம் அது. வலைகளும் மாதாவின் சிற்றாலயங்களும் சிறுவர்களின் கிரிக்கெட்டும் கடந்து திரும்பியதும் மகள் நின்றுவிட்டாள்.

“வாப்பா, இது மரமா, வீடா?”

சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர். உயரமோ 7.5 மீற்றர்தான். கணக்குத் தெரிந்த சகோதரிகள் இதைக் கவனியுங்கள். சுற்றளவு உயரத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல்! பெரியவர்கள் பன்னிரண்டு பேராவது கைகோத்தால்தான் கட்டிப் பிடிக்க முடியும். ஆனால் அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலிக்காது. பருத்த அடி, குறுகிய உயரம், விரல்கள் போலத் திடீரென்று மெலிந்து விரியும் கிளைகள். பொன்சாய் வளர்ப்போர் இருபது முப்பது வருடம் கத்தரித்தும் முறுக்கியும் எந்த வடிவத்துக்காகப் பாடுபடுகிறார்களோ, அந்த வடிவத்தை அல்லாஹ் யாருடைய கத்தரிக்கோலும் இல்லாமல் அந்தக் கடற்கரையில் நிறுத்தி வைத்திருக்கிறான். இந்த மரத்தைச் சட்டியில் வளர்க்கும் எண்ணம் எனக்கு அங்கேதான், அந்த நிமிடத்தில்தான் வந்தது. அதுவரை, உம்மாவுக்கு ஒரு காய் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டுமே எனது நோக்கம்.

அரபு வணிகர்கள் 1477ஆம் ஆண்டில் அதனை நட்டார்கள் என்று ஒரு வழக்கு உண்டு. எழுநூறு வயது என்பாரும் உளர். ஒட்டகங்களுக்குத் தழை வேண்டிக் கொண்டுவந்தார்கள் என்பதும் வழக்கே. எந்த மரக்கலத்தில் யார் கொண்டுவந்தார் என்பதற்குச் சாட்சி சொல்ல எவரும் இல்லை. ஆனால் இம்மரத்தின் தாயகம் ஆபிரிக்கா என்பதில் ஐயமில்லை. இதன் இனத்தில் ஆறு வகைகள் மடகஸ்காருக்கும் ஒன்று அவுஸ்திரேலியாவின் வடமேற்குக்கும் உரியவை. நமது மன்னாரில் நிற்பது ஆபிரிக்கப் பெருநிலத்து வகை. கடல் தாண்டாமல் இங்கே வந்திருக்க முடியாது.

அறபுக் கல்லூரியில் ஓதியவன் என்பதால் பெயரைத் தேடும் பழக்கம் என்னை விடவில்லை. ஆங்கிலத்தில் இதனைப் ‘பாஓபாப்’ என்கிறார்கள். 1592இல் புரொஸ்பெரோ அல்பினி என்ற இத்தாலிய மருத்துவர் எகிப்தின் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில், கெய்ரோவில் கண்ட ஒரு காயை ஏறக்குறைய இந்தப் பெயரால் குறித்தார். ‘பூ ஹிபாப்’, அதாவது ‘விதைகள் நிறைந்தவன்’ என்ற அறபுச் சொல்லே திரிந்து அப்படியானது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். சூடானிலோ இதற்குத் ‘தபல்தி’ என்று பெயர். அங்கே குர்துபான் பகுதி மக்கள் இதன் அடிமரத்தைக் குடைந்து மழைநீரைச் சேமித்து, கோடை முழுவதும் குடித்து வந்தார்கள். கிணறு வெட்ட வழியில்லாத ஊரில் மரமே தண்ணீர்த் தாங்கி!

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க மனமில்லை. நமது இப்னு பதூதா 1344இல் மாலைதீவிலிருந்து வந்து இறங்கிய ‘பத்தாலா’ என்ற துறை புத்தளம்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து, பாவா ஆதம் மலையைத் தரிசிக்கத் துணைக்கு ஆட்களையும் கொடுத்தனுப்பினார். அதே மனிதர் எட்டு வருடம் கழித்து, 1352இல், மாலி நாட்டுக்குப் போகும் வழியில் பிரமாண்டமான மரங்களைக் காண்கிறார். ஒரு மரத்தின் நிழலில் ஒரு வணிகக் கூட்டமே தங்கலாம் என்கிறார். பொந்துகளில் மழைநீர் தேங்கி நிற்க, வழிப்போக்கர் குடிக்கிறார்கள். ஒரு மரத்தின் உள்ளே நெசவாளி ஒருவர் தறி போட்டு நெய்துகொண்டிருக்கிறார்! அவை பெருக்கமரங்களே என்பது ஆய்வாளர் முடிவு. புத்தளத்து மண்ணை மிதித்த கால்கள் அந்த மரத்தடியிலும் நின்றிருக்கின்றன என்று மகளுக்குச் சொன்னேன். அவளுக்குத் தறி போட்ட செய்தி மட்டும்தான் பிடித்தது.

காய் வேண்டுமே! கீழே விழுந்து கிடப்பதானாலும் ஊராரைக் கேட்காமல் எடுக்க மனம் ஒப்பவில்லை. பக்கத்து வேலியோரம் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு தாயிடம் கேட்டேன்.

“அம்மா, இந்தக் காயொன்று எடுக்கலாமா? எங்கட உம்மாவுக்கு.”

“உம்மா எந்த ஊர்?”

“எருக்கலம்பிட்டி.”

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், கூரையோரத்தில் வைத்திருந்த ஒரு முற்றிய காயைக் கொண்டுவந்து மகளின் கையில் கொடுத்தார். காசை நீட்டினேன். “வேணாம் மௌலவி, கொண்டு போங்க” என்று சொல்லிவிட்டு மீனைப் புரட்டப் போய்விட்டார்.

உம்மா அந்தக் காயைத் தடவிப் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. வெல்வெட்டுப் போன்ற மேலோடு. உடைத்தால் உள்ளே வெள்ளை மாப்போல உலர்ந்த சதை, நார்கள், நடுவே கறுத்த விதைகள். சதை புளிக்கும். உயிர்ச்சத்து ‘சி’ நிறைந்தது. சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கரைத்துக் குடித்தார்கள். “உன்னைச் சுமந்த நேரம் இதுக்குத்தான் என்ர வாய் ஊறும்” என்றார்கள். இருபத்தேழு வருடமாக என்னிடம் சொல்லாத செய்தி.

விதைகளை நான் எடுத்துக்கொண்டேன்.

இனி, சகோதரிகளே, இதனை வளர்க்க விரும்புவோர் என் பிழையிலிருந்து தொடங்குங்கள். முதல் முறை ஆறு விதைகளை அப்படியே மண்ணில் புதைத்தேன். இரண்டு மாதம் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. பெருக்க விதையின் தோல் கல்லுப் போன்றது. ஆபிரிக்காவில் யானையின் வயிற்றுக்குள் போய் வந்தால் அது இளகும். நம் வீட்டில் யானை இல்லை, நகவெட்டி உண்டு. விதையின் ஒரு ஓரத்தில், முளை இருக்கும் தழும்புக்கு எதிர்ப்பக்கம், உள்வெள்ளை தெரியுமளவுக்கு மட்டும் நறுக்குங்கள். கொதித்து இறக்கிய வெந்நீரைச் சற்று ஆறவிட்டு ஊற்றி, ஒரு நாள் முழுக்க ஊறவையுங்கள். பருத்த விதைகளை எடுத்து ஓரங்குலத்துக்கும் குறைவான ஆழத்தில் ஊன்றுங்கள். ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் முளைக்கும். காய்ந்த இடத்தில் வைத்தால் விதை வருடக்கணக்கில் கெடாது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் முறை நான்கு விதைகளில் மூன்று முளைத்தன. எனது மனைவிக்கு மகிழ்ச்சி. அவள் காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றினாள். வறட்சி தொடங்கியதும் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பாவம், தாகமாக்கும் என்று இன்னும் ஊற்றினோம். அவள் ஊற்றியதற்கு மேல் நானும் ஊற்றினேன். ஒரு நாள் தண்டைத் தொட்டால் அவித்த வாழைப்பழம் போல் குழைகிறது. மூன்றும் வேரோடு அழுகியிருந்தன. மரத்துக்கும் பயிருக்கும் தண்ணீர் ஊற்ற இயலுமாயிருந்தும் ஊற்றாமல் விடுவது மக்ரூஹ், அது பொருளை வீணாக்குவது என்று ஷாபிஈ கிதாபுகளில் மாணவர்களுக்கு ஓதிக் கொடுப்பவன் நான். ஊற்றியே கொன்றவனுக்கு என்ன சட்டமென்று அன்று மனைவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்தேன்.

இந்த மரத்தின் இரகசியமே அதுதான். இலை உதிர்ந்த பெருக்கமரம் நோயாளியல்ல, தூங்குகிறது. தண்டுக்குள்ளே தேவையான நீரை வைத்துக்கொண்டு தூங்குகிறது. அப்போது தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். சிறு கன்றென்றால் மாதத்தில் ஓரிரு தடவை ஒரு மிடறு போதும். புதுத்தளிர் கண்டபின் தாராளமாக ஊற்றலாம், ஆனால் மேல்மண் காய்ந்த பிறகே.

2018இல் மறுபடி ஐந்து விதைகள் போட்டேன். அல்ஹம்துலில்லாஹ், இரண்டு தப்பின. இம்முறை மண்ணையும் மாற்றினேன். இரண்டு பங்கு பருமணலும் உடைத்துச் சலித்த செங்கல் பொடிக்கல்லும், ஒரு பங்கு மக்கிய சேதனப் பசளையும். ஊற்றிய நீர் கண்முன்னே அடியால் ஓடிவிட வேண்டும். வெயில் எவ்வளவு கிடைத்தாலும் நல்லது. வீட்டுக்குள் அலங்காரமாக வைக்க நினைப்பவர்கள் வேறு செடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஆரம்பத்திலேயே சின்னச் சட்டியில் வைத்தால் தண்டு பென்சில் போலவே நிற்கும். முதல் மூன்று வருடம் பெரிய வாளியிலோ நிலத்திலோ கொழுக்க விடுங்கள். நானும் 2021 வரை பழைய பெயின்ற் வாளிகளில்தான் விட்டிருந்தேன். பிறகு இலையற்ற காலம் முடிந்து தளிர் எட்டிப் பார்க்கும் நேரத்தில் ஒன்றைப் பிடுங்கினேன். அடியில் முள்ளங்கி போலப் பருத்த ஆணிவேர். அதைக் கூரிய கத்தியால் குறுக்கே வெட்டி, பக்கவேர்களை வைத்துக்கொண்டேன். வெட்டிய கன்றை உடனே நடக்கூடாது. ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, வெட்டுவாய் உலர்ந்தபின் தட்டையான மண்சட்டியில் வைத்தேன். அதன் பிறகும் ஒரு வாரம் தண்ணீர் காட்டவில்லை. மனைவிக்குக் கை துருதுருத்தது. சட்டியை மேல்மாடியில் ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று!

கிளைகளைக் கம்பி சுற்றி வளைக்கும் வேலை இதற்கு வேண்டாம். தோல் மென்மையானது, கம்பி சீக்கிரம் பதிந்து வடு விழும். வளரவிட்டு வெட்டுவது, மறுபடி வளரவிட்டு வெட்டுவது, அவ்வளவுதான். காயம் பற்றிப் பயப்படாதீர்கள். ஆபிரிக்காவில் கயிறு திரிக்க இதன் பட்டையை உரித்தெடுக்கிறார்கள், மரம் பட்டையை மறுபடி வளர்த்துக்கொள்கிறது. வெண்ணிறமான மாவுப்பூச்சி வந்தால் சவர்க்கார நீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை: அடினியத்தின் பால் நஞ்சு. பெருக்க இலையையோ ஆபிரிக்கப் பெண்கள் கீரையாகச் சமைக்கிறார்கள். பூவையும் காயையும் மட்டும் சட்டியில் எதிர்பார்க்காதீர்கள். நிலத்தில் நின்றாலே அதற்குப் பல வருடம் செல்லும்.

“மரத்தை வெட்டி வெட்டிக் குள்ளமாக்குவது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா ஹஸரத்?” என்று எனது பெண்கள் வகுப்பில் ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. திராட்சைக் கொடியையும் ரோசாவையும் கத்தரிப்பதை யாரும் தடுத்ததில்லை. மதீனத்து மக்கள் பேரீச்ச மரத்தில் ஆண் பாளையைப் பெண் பாளையோடு கையால் சேர்த்த செய்தியும், அத்தகைய உலக விடயங்களை அவர்களுடைய அனுபவத்துக்கே நபி (ஸல்) அவர்கள் விட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. சட்டியில் வளர்ந்தாலும் அது பெருக்கமரம்தான். அதன் விதையும் இயல்பும் மாறுவதில்லை, நிலத்தில் இறக்கினால் மறுபடி ஓங்கும். எனவே ஆகுமானது என்றே கருதுகிறேன். பராமரிக்க நேரமில்லாதவர் பெருமைக்காக வாங்கி வாடவிடுவதே தவறு. இது என் சிற்றறிவுக்கு எட்டியது. உங்கள் ஊர் உலமாக்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் உம்மாவின் கேள்விக்கு எந்தக் கிதாபிலும் பதில் கிடைக்கவில்லை. சட்டியை முதன்முதலாக அவர்களுக்கு முன்னால் வைத்த அன்று, கண்பார்வை மங்கியிருந்ததால் விரல்களால் அடியைத் தடவினார்கள், கிளையைத் தடவினார்கள், பிறகு சட்டியின் விளிம்பைப் பிடித்துப் பார்த்தார்கள்.

“மகன், இது எங்கட மரம்தான். ஆனா இதை ஏன் இதுக்குள்ள வச்சிருக்கிற?”

“தூக்கிக்கொண்டு போகலாம் உம்மா. எங்கே போனாலும்.”

“இன்னும் எங்க போகப் போறாய்?”

நான் பேசாமல் இருந்தேன். எருக்கலம்பிட்டியில் எங்கள் காணி இருக்கிறது. யுத்தம் முடிந்தபின் எனது நானா அங்கே ஒரு சிறிய வீடு கட்டிக்கொண்டார். எனது தொழிலும் பிள்ளைகளின் படிப்பும் புத்தளத்தில். இரண்டு ஊரிலும் நமக்கு வீடு உண்டு, இரண்டு ஊரிலும் நம்மை விருந்தாளி என்பார்கள். எங்களைப் போன்ற குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ.

வாளியிலேயே விட்டிருந்த இரண்டாவது கன்றை அடுத்த மழைக்கு முன் பஸ்ஸில் கொண்டுபோனேன். மடியில் வைத்துக்கொண்டேன். நடத்துனர் அதற்கும் டிக்கட் கேட்டார், கொடுத்தேன். நானாவின் வளவில், கிணற்றுக்குத் தூரமாக, மணல் மேட்டில் நட்டோம். ஆடு கடிக்காமல் பனைமட்டையால் வேலி. ஒரே மழைக்காலத்தில் அது என் இடுப்பைத் தாண்டிவிட்டது. சட்டியில் இருப்பதோ இன்னும் ஒன்றரை அடிதான். அடி மட்டும் என் மணிக்கட்டை விடப் பருத்திருக்கிறது.

சட்டி இப்போது உம்மாவின் அறைக்கு வெளியே, காலை வெயில் விழும் படியில் இருக்கிறது. கோடையில் இலை கொட்டியதிலிருந்து, ஸுபஹ் தொழுததும் கிளைகளின் நுனியைத் தடவிப் பார்ப்பது அவர்களின் வழக்கம். தண்ணீர் ஊற்றலாமா என்று மனைவி அவர்களிடம்தான் கேட்க வேண்டும். கடந்த ஒக்டோபரில் முதல் மழை பெய்து நான்கைந்து நாளிருக்கும். பள்ளியிலிருந்து வந்து படியேறும்போது உம்மா கூப்பிட்டார்கள். நுனியில் புது இலை விரிந்திருந்தது. கைவிரல் போலப் பிரியும் இலை. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“மூணுதான் இருக்கு மகன்.”

“தளிரின் முதல் இலை அப்படித்தான் உம்மா. அடுத்ததுக்கு அஞ்சு வரும்.”

“அங்க நட்டதுக்கு எத்தினை?”

நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்கும் சத்தம் கேட்டது.